ஹரியட் பவர்ஸ் அம்மையாரும் அவரது இரண்டு போர்வைகளும்

பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை நூற்றாண்டு மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழு எம்மைக் கேட்டபோது, வழக்கமான பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. புளோரன்ஸ் நைற்றிங்கேல், ஹெலன் கெல்லர், மேரி கியூரி. இவர்களைப் பற்றி நாம் எல்லோரும் ஆறாம் வகுப்பிலேயே கட்டுரை எழுதி முடித்துவிட்டோம். இந்தப் பக்கங்களை எழுதும் நாம் பாடசாலைக் காலத்தில் தையல் அறையை விட்டு அகலாதவர்கள். ஆகவே ஊசியும் நூலும் பிடித்துப் பெயர் பெற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். அமெரிக்கத் தையற்கலையின் வரலாற்றில் அவர் பெயரைச் சொல்லாத புத்தகம் அரிது. அவர் ஹரியட் பவர்ஸ் அம்மையார். அவர் செய்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு போர்வைகள்.

அமெரிக்கர்கள் குயில்ட் என்று சொல்வதை, மார்கழி தை மாதங்களில் ஹப்புத்தளைப் பக்கத்து லயக் காம்பராவில் படுத்து எழும்பியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அம்மாவின் பழைய சேலை இரண்டை மடித்து, உள்ளே கிழிந்த கம்பளித் துண்டை வைத்து, மேலே சட்டை தைத்த மிச்சத் துணிகளை ஒட்டி, குறுக்கும் நெடுக்கும் நூலோட்டி எடுத்த அந்தப் பாரமான போர்வையின் தூரத்து உறவுதான் அது. அமெரிக்கப் போர்வைக்கு மூன்று படை: மேலே அலங்கரித்த முகத்துணி, நடுவே பஞ்சு, அடியிலே முழுத்துணி. மூன்றையும் சிறுசிறு நூலோட்டம் சேர்த்துப் பிடிக்கும். முகத்துணியை இரண்டு விதமாகச் செய்யலாம். சதுரமும் முக்கோணமும் வைரவடிவமுமாக வெட்டிய துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைப்பது ஒரு விதம். மனிதர், மிருகம், நட்சத்திரம் என்று உருவங்களை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பது மற்றது. அப்ளிக் என்று தையல் வகுப்பில் படித்தோமே, அதுதான். ஹரியட் அம்மையார் இரண்டும் செய்தார். பெயர் பெற்றது அப்ளிக் வேலையால்.

அவர் 1837 ஒக்டோபர் 29 ஆம் திகதி, அமெரிக்காவின் தென்பகுதியான ஜோர்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற பட்டணத்துக்கு அண்மையில் அடிமையாகப் பிறந்தார். தாய் யாருக்குச் சொந்தமோ பிள்ளையும் அவருக்கே சொந்தம் என்பது அங்கே அன்றைய சட்டம். பருத்தி விளைந்த நாடு அது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் இலங்கை மலைகளில் காடு வெட்டிக் கோப்பிக் கன்று நாட்டத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து எமது முன்னோர் கால்நடையாக வந்து சேர ஆரம்பித்தார்கள். இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டப்படி ஒழிந்தது. எனவே எமது பாட்டன்மாரை ஹரியட்டின் பெற்றோரோடு ஒன்றாக வைத்துப் பேச நாம் வரவில்லை; அது இரு தரப்புக்கும் நியாயம் ஆகாது. ஆனால் தப்புச் சத்தத்துக்கு எழும்பிப் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றின் சில இடங்கள் சட்டென்று விளங்கிவிடும். வேற்றூராருக்கு அவ்வளவு சுலபமாக விளங்காது.

அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை ஜோர்ஜியா மாநிலம் 1829 இலேயே சட்டத்தால் தடுத்திருந்தது. ஊசி பிடிக்கத் தடை இல்லை. எசமானியின் வீட்டுக்கு வேண்டிய உடுப்பும் போர்வையும் தைக்க அடிமைப் பெண்களின் கை தேவைப்பட்டது. பகலில் அந்த வேலை முடிந்தபின், இரவு விளக்கில், கழித்துப்போட்ட துணிகளைக் கொண்டு தம் பிள்ளைகளுக்கான போர்வையைத் தைத்தார்கள். உருவங்களை வெட்டி ஒட்டும் முறையோ மேற்கு ஆபிரிக்காவில் பழையது. டஹோமி நாட்டின் அபோமி அரண்மனையில் அரசர்களின் வெற்றிகளை இப்படித் துணியில் வெட்டித் தைத்துத் தொங்கவிட்டார்கள். ஹரியட்டின் உருவங்கள் அந்தத் துணிகளை ஒத்திருப்பதை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சித்தி இனப் பெண்கள் கர்நாடகத்துக் காட்டோரக் கிராமங்களில் இன்றும் பழைய சேலைத் துண்டுகளால் கவுதி என்னும் போர்வை தைக்கிறார்கள்.

1855 இல் ஹரியட் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். ஒன்பது பிள்ளைகளாவது பிறந்தன; பலரைச் சிறு வயதிலேயே மண்ணுக்குக் கொடுத்தார். உள்நாட்டுப் போர் முடிந்து 1865 இல் விடுதலை வந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. முன்னாள் அடிமைகள் பலர் பழைய எசமானின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டுக் கடையில் கடன் எழுதிக் காலம் கழித்தார்கள். பவர்ஸ் தம்பதியர் அதிலிருந்து கொஞ்சம் மேலேறி 1880 களில் நான்கு ஏக்கர் காணி சொந்தமாக வைத்திருந்தார்கள். நான்கு ஏக்கர் என்றால் என்னவென்று வீட்டைச் சுற்றி ஒரு கீரைப்பாத்திக்காகக் கணக்கப்பிள்ளையிடம் நின்ற குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1886 இல் ஏதென்ஸ் நகரில் நடந்த பருத்திக் கண்காட்சிக்கு ஹரியட் தமது போர்வை ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். பதினொரு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேதாகமக் கதை. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், ஆபேலைக் கொல்லும் காயீன், யாக்கோபு கனவில் கண்ட ஏணி, இயேசுவின் ஞானஸ்நானம், கடைசி இராப்போசனம், முப்பது வெள்ளிக்காசோடு யூதாஸ், சிலுவை, குழந்தையோடு யோசேப்பும் மரியாளும். எங்கள் ஸ்கிரிப்சர் ரீச்சர் பலகையில் கீறிக் காட்டிய உருவங்களைப் போல, கையும் காலும் சுருக்கமாக, ஆனால் யார் எவர் என்று தப்பாமல் தெரியும்படி இருக்கின்றன. சில இடம் கைத்தையல், சில இடம் இயந்திரத் தையல். கைத்தையல்தான் கலை என்று எங்களை வெருட்டிய ரீச்சர்மார் இதைக் கவனிக்கவேண்டும்.

அந்தக் கண்காட்சியில் இப்போர்வையைக் கண்டு நின்றவர் ஜெனி ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பெண். ஏதென்ஸில் இருந்த லூசி கொப் பெண்கள் கல்லூரியின் சித்திர ஆசிரியை. இக்கல்லூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1859 இல் அதை நிறுவிய தோமஸ் கொப் ஒரு சட்ட அறிஞர். அடிமைமுறையை நியாயப்படுத்திப் பெரிய சட்டநூல் எழுதியவர். இறந்துபோன தன் மகளின் பெயரைக் கல்லூரிக்கு வைத்தார். ஹரியட்டின் பெண்பிள்ளைகள் அதன் வாசலை மாணவியராக மிதித்திருக்க முடியாது.

ஜெனி ஸ்மித் போர்வையின் சொந்தக்காரியைத் தேடிப்போய் விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தரமாட்டேன் என்று ஹரியட் மறுத்துவிட்டார். நாலைந்து வருடங்கள் போயின, கைமுடை வந்தது. விற்கச் சம்மதம் என்று ஆள் அனுப்பினார் ஹரியட். அந்த நேரம் ஜெனியிடம் பணம் இல்லை. பிறகு ஜெனி சொல்லியனுப்ப, ஒரு நாள் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். போர்வை மடியில் இருந்தது. வெளுத்த மாச்சாக்கில் சுற்றி, அதன்மேல் ஒரு கோணிச்சாக்கும் போட்டிருந்தார். இந்த இடத்தை வாசித்தபோது எங்களில் ஒருவர், மழையில் நனையாமல் புத்தகத்தைப் படங்குச் சாக்கில் சுற்றிப் பாடசாலைக்கு அனுப்பிய தன் தாயாரை நினைத்துக்கொண்டார்.

கேட்ட விலை பத்து டொலர். ஜெனி தர முடிந்தது ஐந்து. ஹரியட் வெளியே போய்க் கணவரோடு பேசிவிட்டு வந்தார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கிடைப்பதை வாங்கு என்பது ஆர்ம்ஸ்டெட்டின் யோசனை. ஐந்து டொலருக்குப் போர்வை கைமாறியது. ஜெனி தன்னிடம் சேரும் துணித்துண்டுகளையும் தருவதாகச் சொன்னார். அதன் பின்னும் ஹரியட் பலமுறை அந்த வீட்டுக்குப் போனார். விற்ற பொருளைப் பார்த்துவிட்டு வருவதற்காகத்தான். அது தன் மனதில் பிறந்த பிள்ளை என்பது அவரது எண்ணம்.

ஜெனி ஸ்மித்தை எப்படி எடைபோடுவது என்று எமக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பாதி விலைக்கு வாங்கினார் என்பது உண்மை. வண்டியிலிருந்து இறங்கிய பெண்ணை உட்காரவைத்து, கட்டம் கட்டமாக இது யார், இது எது என்று கேட்டு எழுதிவைத்தார் என்பதும் உண்மை. அவர் எழுதிவைத்திராவிட்டால் இன்று எமக்குக் கிடைத்திருப்பது விசித்திரமான உருவங்கள் உள்ள ஒரு பழைய துணி மட்டுமே. போர்வை தைத்தவளின் பெயர்கூட மிஞ்சியிருக்காது. அமெரிக்க அருங்காட்சியகங்களில் பெயரில்லாத குயில்ட்கள் நிறையவே உண்டு.

இங்கே எங்கள் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் கட்டட நிதிக்காக நாம் நடத்திய கைவேலை விற்பனையில், நமுனுகுலைப் பக்கத்து மாணவி ஒருத்தியின் தாயார் தைத்த போர்வை ஒன்று வந்தது. கொழுந்துக் கூடையும் மலையும் குருவியும் வைத்துத் தைத்தது. முதல் நாளே நல்ல விலைக்குப் போயிற்று. வாங்கியவர் கொழும்பிலிருந்து வந்தவர். அதில் நாம் குத்திய சீட்டில் தோட்டப் பெண்களின் கைவேலை என்றுதான் எழுதியிருந்தது. தாயாரின் பெயரை நாம் கேட்கவில்லை. அந்தக் குருவி என்ன குருவி என்றும் கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் தொகை இருக்கிறது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1895 இல் அட்லாண்டா நகரில் பெரியதொரு பருத்தி மாநிலக் கண்காட்சி நடந்தது. ஹரியட்டின் போர்வை அங்கே வைக்கப்பட்டுப் பலர் கண்ணில் பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுடைய மனைவியர் 1898 இல் ஹரியட்டின் இன்னொரு போர்வையைத் தமது தருமகர்த்தா ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். இதுவே இரண்டாவது போர்வை. பதினைந்து கட்டங்கள். இதன் கட்டங்களுக்கும் விளக்கம் எழுதப்பட்டு இன்றுவரை கூடவே வந்திருக்கிறது.

எமக்கு இரண்டாவதுதான் கூடப் பிடித்தது. யோபு, மோசேயின் வெண்கலச் சர்ப்பம், யோனா, சோடி சோடியான மிருகங்கள் என்று வேதாகமக் கதைகள் இதிலும் உண்டு. மிருகங்களின் நடுவே யானையும் இருக்கிறது. ஆனால் அவற்றுக்கிடையே வேதாகமத்தில் இல்லாத கட்டங்களும் வருகின்றன. 1780 மே 19 ஆம் திகதி நடுப்பகல் இருண்டு கோழிகள் அடைந்த நாள். அது நியூ இங்கிலாந்துப் பகுதியைக் காட்டுத்தீயின் புகை மூடிய நாள் என்பார்கள். 1833 நவம்பர் 13 ஆம் திகதி இரவு வானத்து நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய நாள். அது சிங்கராசி விண்கற்கள் பொழிந்த இரவு. மக்கள் உலகம் முடிந்தது என்று அலறினார்கள். 1895 பெப்ரவரிக் கடுங்குளிரில் கோவேறு கழுதையின் மூச்சுப் பனிக்கட்டியாகத் தொங்கியதும் ஒரு கட்டம். 1780 இலும் 1833 இலும் ஹரியட் பிறக்கவே இல்லை. எழுதப் படிக்க விடாத சனங்கள் வாய்வழியாகக் காப்பாற்றி வைத்த நாட்காட்டியை அவர் துணியில் இறக்கினார்.

எங்கள் வீடுகளிலும் வருடத்துக்கு எண் இருந்ததில்லை. பெரிய மண்சரிவு வந்த வருடம், கூப்பன் அரிசி வெட்டின வருடம், மரவள்ளிக்கும் வழியில்லாத எழுபத்துநாலு பஞ்சம், மூத்த மாமா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறின வருடம் என்றுதான் பிள்ளைகளின் வயதைச் சொல்வார்கள். பிறப்புப் பதிவு இல்லாமல் பாடசாலையில் சேர வந்த எத்தனை பேரின் வயது இப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை அக்கால எழுதுவினைஞர்தான் சொல்ல வேண்டும்.

அதே போர்வையில் பெட்ஸ் என்ற பெயருள்ள ஒரு பன்றியும் ஓடுகிறது. ஜோர்ஜியாவிலிருந்து வேர்ஜீனியா வரை ஐந்நூறு மைல் ஓடிய சுதந்திரப் பன்றியாம். அடிமைகள் தப்பி ஓடியது வடக்கு நோக்கி, வேர்ஜீனியாவும் வடக்கே. எனவே பன்றி வெறும் பன்றி அல்ல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எமக்கும் அப்படித்தான் படுகிறது. தோட்டத்து நாட்டார் பாட்டில் துரையையும் கங்காணியையும் காகமாகவும் குரங்காகவும் பாடிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

பரிசாகப் போர்வையைப் பெற்ற தருமகர்த்தா சார்ள்ஸ் கத்பேர்ட் ஹோல் என்னும் போதகர். நியூயோர்க்கில் யூனியன் இறையியற் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இந்த மனிதர் பரோஸ் சொற்பொழிவுகளை நிகழ்த்த 1902, 1903 ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் வந்தார். இடையே இலங்கையிலும் பேசினார். அச்சொற்பொழிவுகள் நூலாகவும் வந்தன. பதுளைக்குப் புகையிரதம் வர இன்னும் இருபது வருடம் கிடந்தது. பண்டாரவளைக்கு அப்பால் மாட்டுவண்டிதான். ஜோர்ஜியாவின் ஒரு மூலையில் துணியில் வெட்டிய யானையைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் யானைகளின் நாட்டில் வந்து நின்றார் என்பதை நினைத்து நாம் சற்றுச் சிரித்துக்கொண்டோம்.

ஹரியட்டின் பின்னாட்கள் இலேசாக இருக்கவில்லை. பருத்தி விலை விழுந்தது. நான்கு ஏக்கரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போனது. 1893 இல் வரி கட்டவும் முடியவில்லை. கணவரும் பிரிந்து போனார். தையலே கைகொடுத்திருக்க வேண்டும். அக்காலத்தில் எடுத்த அவரது நிழற்படம் ஒன்று உண்டு. நேராக நின்று பார்க்கிறார். இடுப்பில் ஓர் ஏப்ரன். அதிலும் நட்சத்திரங்கள் வெட்டித் தைத்திருக்கிறார். எமது முன்னோர் தோட்டம் மாற வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. எங்கள் சனத்துக்குத் துண்டு என்ற சொல் துணியையும் குறித்தது, கடனையும் குறித்தது. ஹரியட்டின் வாழ்விலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

1910 ஜனவரி முதலாம் திகதி அவர் இறந்தார். இந்தத் திகதியே வெகுகாலம் உலகத்துக்குத் தெரியாது. ஏதென்ஸ் நகரின் கறுப்பின மக்களுக்கான கொஸ்பல் பில்கிரிம் மயானம் புதர் மண்டிக் கிடந்தது. 2005 இல் அங்கே அவரது கல்லறைக் கல் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே திகதி உறுதியாயிற்று.

அதைவிடப் பெரிய திருத்தம் ஒன்றும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழைக் கிழவி, பிரசங்கத்தில் கேட்ட கதைகளைத் தன் மனம்போன போக்கில் தைத்தாள் என்றே நூறு வருடமாகப் புத்தகங்கள் சொல்லி வந்தன. கைரா ஹிக்ஸ் என்ற கறுப்பினப் பெண், தானும் போர்வை தைப்பவர், பழைய தாள்களைத் துருவி 2009 இல் ஒரு நூல் வெளியிட்டார். அயோவா மாநிலத்துப் பெண் ஒருவருக்கு 1896 இல் ஹரியட் எழுதிய கடிதத்தின் செய்தி அதில் வெளியானது. பதினொரு வயதில் எழுத்துப் பழகத் தொடங்கியதாகவும், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பொப்லர் மரத்து இலையில் எழுத்தின் ஒலியைச் சொல்லிக் கொடுத்ததாகவும், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தாமாகவே படித்ததாகவும் அதில் அவர் சொல்கிறார். சட்டம் மறித்து நின்ற இடத்தில் இலையில் படித்திருக்கிறார். ஆயிரக்கணக்கான வைரவடிவத் துண்டுகள் கொண்ட போர்வை ஒன்றை 1872 இல் தைத்ததையும், இராப்போசனத்தை வைத்து இன்னொன்று செய்ததையும் அதே கடிதம் கூறுகிறது. ஆக, அவர் தைத்தவை குறைந்தது நான்கு. மற்ற இரண்டும் எங்கே போயின என்று இன்றும் தேடுகிறார்கள்.

ஜெனி ஸ்மித் தான் இறக்கும்வரை முதற் போர்வையை வீட்டிலேயே வைத்திருந்தார். அதன்பின் அது கைமாறி 1960 களின் பிற்பகுதியில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஹோல் போதகரின் மகன் மற்றதை விற்க, வாங்கியவரிடமிருந்து அது 1964 இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தது.

நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் இம்முறை போர்வைகளுக்கென ஒரு மேசை போடுகிறோம், விற்பனைக்கு அல்ல. பசறை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, ஹாலிஎல என்று எந்தத் தோட்டத்து வீட்டிலாவது தாயார், பாட்டியார் தைத்த போர்வை கிடந்தால், கிழிந்திருந்தாலும் கொண்டு வாருங்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் கனடாவிலும் இருக்கும் சகோதரிகள் படம் எடுத்து அனுப்பலாம். தைத்தவரின் முழுப் பெயர், தோட்டம், டிவிசன், எந்தச் சேலை எந்தக் கல்யாணத்துச் சேலை என்பதெல்லாம் கேட்டெழுத, தையல் அறைக்காரர் நாம் கொப்பியோடு மேசையருகே இருப்போம். நமுனுகுலைக் குருவிப் போர்வையைத் தைத்த தாயாரின் பெயர் தெரிந்த எவரும் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

2021 ஒக்டோபரில் பொஸ்டன் அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளின் கண்காட்சி ஒன்றைத் திறந்தது. வாஷிங்டனிலிருந்து முதற் போர்வையை இரவல் வாங்கி, இரண்டையும் முதன்முறையாக ஒரே இடத்தில் வைத்தார்கள். இரண்டிலும் ஹரியட் பவர்ஸ் என்ற பெயர் இருந்தது.